பனி விழுமுன் ஓர் அறை



வீடு என்ற சொல்லைக் கேட்டதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது விட்டுவிட்டு வந்த வீடு. அடுத்ததாக நினைவுக்கு வருவது, கட்டத் தொடங்கி இன்னும் முடியாமல் நிற்கும் வீடு. வன்னியிலும் சரி, மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கங்களிலும் சரி, லின்டல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்களையும், கூரை போட்டும் பூச்சுப் பூசாத அறைகளையும், கதவில்லாத நிலைகளில் மறைப்பாகத் தொங்கும் சேலைகளையும் இன்றும் காணலாம். 2012இல் வடக்கு கிழக்கில் பரவலாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது. அந்தப் பணத்தோடு நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி வீட்டை முடித்தவர்கள் பலர். முடிக்க முடியாமல் கடனோடு நிற்பவர்களும் உள்ளார்கள்.

அதனால் இம்மாதம், வீடு கட்டும் விடயத்தில் எங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு தூரத்து ஊரின் அனுபவத்தைச் சொல்லப் போகிறேன். அது பனி கொட்டும் மலைநாடு. "மிஸ், பனி கொட்டுற ஊர்க் கதை எங்களுக்கு என்னத்துக்கு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கடைசிவரை வாசியுங்கள், காரணம் விளங்கும்.

மலையும் எல்லையும்

காஷ்மீர் மலைப்பகுதி 1947இன் பின் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் பிரிந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் இராணுவம் நிற்கும் கட்டுப்பாட்டுக் கோடு மலைகளுக்கும் ஆறுகளுக்கும் குறுக்காகச் செல்கிறது. பாகிஸ்தான் பக்கத்தில் நீலம் பள்ளத்தாக்கு என்று ஒரு இடம். அங்குள்ள மக்கள் 1990களில் ஷெல் வீச்சுக்குள் வாழ்ந்தவர்கள். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் சற்று மூச்சு விட்டார்கள்.

இரண்டு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. 2005 ஒக்டோபர் 8ஆந் திகதி, சனிக்கிழமை காலை 8.50 மணிக்கு 7.6 அளவான பூகம்பம் வந்தது. எங்கள் கரையைச் சுனாமி அடித்து பத்து மாதம்கூட ஆகாத நேரம் அது. நோன்பு மாதம். பிள்ளைகள் பாடசாலையில், பெண்கள் பலர் வீட்டுக்குள். பாகிஸ்தான் பக்கத்தில் மட்டும் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முசாபராபாத், பாலகோட் போன்ற நகரங்கள் நொறுங்கின. சுமார் 30 இலட்சம் பேர் வீடிழந்தார்கள். கிராமப்புறங்களில் அழிந்தவையும் சேதமடைந்தவையுமாக ஏறத்தாழ 6 இலட்சம் வீடுகள்.

இவ்வளவு உயிர் போனதற்கு அதிர்வு மட்டும் காரணமல்ல, வீடுகளும் காரணம். ஆற்றிலிருந்து எடுத்த உருண்டைக் கற்களை மண் குழைத்து அடுக்கிய தடித்த சுவர்கள். அதன்மேல் மரம் பரப்பி, அடி கணக்கில் மண் போட்ட தட்டைக் கூரை. குளிருக்கு அந்த மண் கூரை நல்லதுதான். ஆனால் சுவர் குலுங்கியதும் கற்கள் உருண்டு விலக, அந்தப் பாரம் முழுவதும் உள்ளே இருந்தவர்கள்மேல் இறங்கியது. நகரங்களில் கம்பி போதாமல், சீமெந்து போதாமல் கட்டிய கொங்கிரீட் கட்டிடங்களும் அப்படியே விழுந்தன.

எட்டு வாரத் தவணை

சுனாமிக்குப் பின் எங்கள் மக்கள் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். வெக்கையும் மழையும் வாட்டின, ஆனால் உயிர் தப்பியது. மலையில் அந்த அவகாசம் இல்லை. டிசம்பரில் உயரமான கிராமங்களைப் பனி மூடத் தொடங்கிவிடும். பனி என்றால் எங்கள் மார்கழிப் பனி அல்ல. நுவரெலியாவில் தை மாதத்தில் புல்லின்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனியும் அல்ல. வானத்திலிருந்து பஞ்சுபோல விழுந்து, முழங்கால் அளவும் இடுப்பளவும் குவிந்து, மாதக்கணக்கில் பாதையை அடைத்துவிடும் பனி.

பூகம்பத்துக்கும் பனிக்கும் இடையில் இருந்தது ஏறத்தாழ எட்டு வாரம். அதற்குள் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும்.

கீழே சமவெளியில் முகாம்கள் அமைத்து, "இறங்கி வாருங்கள்" என்று அழைத்தார்கள். பலர் இறங்கினார்கள். பலர் மறுத்தார்கள். மாடும் ஆடும் மேலே. வெட்டிக் காயவைத்த புல் மேலே. இறந்தவர்களை அடக்கம் செய்த இடமும் மேலே. விட்டு இறங்கினால் காணியை யார் பிடிப்பார்களோ என்ற பயம் வேறு. முகாமில் பெண்களுக்கு மறைப்பு இல்லை, அந்நியர் மத்தியில் குளிக்கவும் முடியாது என்ற கவலையும் இருந்தது. இடம்பெயர்ந்து நலன்புரி நிலையங்களில் இருந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கூடாரம் பனிக்குத் தாங்காது. பாரத்தில் சாய்ந்துவிடும். உள்ளே அடுப்பு மூட்டினால் தீப்பிடிக்கும், அப்படித் தீப்பிடித்த கூடாரங்களும் உண்டு. அதனால் நிவாரண அமைப்புகளும் இராணுவமும் ஒரு முடிவுக்கு வந்தன. 5,000 அடிக்கு மேலே உள்ள கிராமங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குளிர் தாங்கும் ஓர் அறை. முழு வீடல்ல, வெதுவெதுப்பான ஓர் அறை. தகரத்தையும் ஆணியையும் சுத்தியலையும் வாளையும் மண்வெட்டியையும் ஹெலிகொப்டரிலும் கோவேறு கழுதையிலும் மனித முதுகிலும் மேலே அனுப்பினார்கள். கட்டியது அந்தந்தக் குடும்பமும் அயலும்.

அந்த வருடம் பனிக்காலம் பயந்த அளவுக்குக் கடுமையாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் உதவியது, அந்த அறைகளும் உதவின. குளிரால் இன்னொரு பெரும் சாவு வரும் என்று அஞ்சினார்கள், அது வரவில்லை.

அறை எப்படி எழுந்தது?

முதல் வேலை இடிபாட்டைக் கிளறுவது. விழுந்த வீட்டின் தீராந்தி, வளை, கைமரம், நிலை, பலகை எல்லாவற்றையும் இழுத்தெடுத்து அடுக்கினார்கள். வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி வைத்தார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லை, மண்ணுக்கும் பஞ்சமில்லை. வெளியிலிருந்து வரவேண்டியவை தகரமும் ஆணியும் கொஞ்சம் கம்பியும்தான்.

இடம் தெரிவதில் கவனம் வேண்டும். செங்குத்தான சரிவின் அடியில் கட்டினால் மண்ணும் கல்லும் சரியும், பனியும் சரியும். வாசல் காற்றடிக்கும் பக்கம் இருக்கக்கூடாது. அங்கே பனிக்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்லும். ஆகவே வெயில் உள்ளே விழ, யன்னலும் வாசலும் தெற்குப் பக்கம்.

அத்திவாரம் கல். நிலத்திலிருந்து ஓரடியாவது உயர்த்திக் கட்ட வேண்டும். பனி உருகும்போது தண்ணீர் சுவரடியில் நிற்கும். மரம் அந்த ஈரத்தில் இருந்தால் உக்கிப் போகும். தண்ணீர் உறையும்போது பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். வெடிப்புக்குள் புகுந்த தண்ணீர் உறைந்தால் வெடிப்பு இன்னும் விரியும். ஆகவே சுவரைச் சுற்றி ஒரு வாய்க்காலும் அவசியம்.

கூரை சரிவாக இருக்க வேண்டும். 12 அடி அகலமும் 15 அடி நீளமுமான ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஓரடி உயரத்துக்குப் பனி விழுந்து இறுகினால் பாரம் ஏறத்தாழ 1,000 கிலோ. 20 சீமெந்து மூடையைக் கூரையில் ஏற்றி வைத்ததற்குச் சமம். சரிவான தகரத்தில் பனி வழுக்கி இறங்கிவிடும். இறங்காததை வீட்டுக்காரர் பலகையால் தள்ளிவிட வேண்டும். அகலமான அறைக்குப் பெரிய தீராந்தி வேண்டும், சிறிய அறைக்குச் சிறிய மரம் போதும். இடிபாட்டில் கிடைத்த மரத்தின் நீளம்தான் பல இடங்களில் அறையின் அகலத்தைத் தீர்மானித்தது. ஆசை அளந்து கட்டவில்லை, கையில் இருந்ததை அளந்து கட்டினார்கள்.

ஒட்டுத்துணிச் சுவர்

சுவர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காஷ்மீரில் பழைய காலத்திலிருந்தே ஒரு முறை உண்டு. அதன் பெயர் தஜ்ஜி தேவாரி. பாரசீக மொழி வழியாக வந்த இந்தப் பெயருக்கு ஒட்டுத்துணிச் சுவர் என்று பொருள் சொல்வார்கள். பழைய சேலைத் துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வையை நினைத்துக்கொள்ளுங்கள், சுவரும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

முதலில் கல் அத்திவாரத்தின்மேல் ஒரு மரத்தைக் கிடையாகக் கிடத்தி, அத்திவாரத்தோடு இறுக்குவார்கள். அதில் கப்புகளை நட்டு, இடையில் சிறு மரங்களைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் அடித்துச் சுவரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். அந்தக் கட்டங்களுக்குள் சிறு கற்களை மண் குழைத்து அடைத்து, இரு பக்கமும் வைக்கோல் கலந்த மண்ணால் பூசுவார்கள். எங்கள் ஊரில் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

நிலம் குலுங்கும்போது இந்தச் சுவர் ஆடும், ஆனால் விழாது. மரமும் கல்லும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். வெடிப்பு ஒரு கட்டத்துக்குள் வந்தால் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும், பக்கத்துக் கட்டத்துக்குப் பரவாது. சுவர் மெல்லியது, பாரம் குறைவு. பூச்சு உதிரலாம், சில கற்கள் விழலாம், உள்ளே இருப்பவர் எழுந்து வெளியே வர நேரம் கிடைக்கும். உடைந்த கட்டத்தை மறுநாளே திரும்ப அடைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தொடக்கத்தில் அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. நல்ல வீடு என்றால் கல் அல்லது புளொக், சீமெந்து, கம்பி என்பதே அவர்கள் நினைப்பு. உதவிப்பணம் அப்படிக் கட்டுவோருக்கு என்று இருந்தது. மலை உச்சிக்கு 50 கிலோ சீமெந்து மூடையை முதுகில் சுமந்தால் கூலி எவ்வளவு? மணல் எங்கே? கொங்கிரீட் காயும்வரை நாள்கணக்கில் தண்ணீர் விட வேண்டும், அது இறுகுமுன் உறைந்துபோனால் பலம் கெட்டுவிடும். இவை எல்லாம் தெரிந்த மக்கள் தங்கள் பாட்டில் தஜ்ஜி வீடுகளைக் கட்டிக்கொண்டே போனார்கள். பொறியியலாளர்கள் போய்ப் பார்த்தார்கள், பழைய தஜ்ஜி வீடுகள் பல தப்பி நின்றதையும் கண்டார்கள். 2006இல் அரசாங்கம் அந்த முறையை அங்கீகரித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அப்படி எழுந்தன. மூட்டுகளில் இரும்புப் பட்டி அடிப்பது, மூலைவிட்ட மரத்தைத் தவறவிடாமல் போடுவது போன்ற திருத்தங்களைப் பொறியியலாளர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய அறிவும் புதிய அறிவும் இப்படிச் சேர்ந்தன.

சூடு வெளியே போகாமல்

தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்கு வெக்கை தெரியும். பனி நாட்டில் அதே தகரம் இரவில் ஐஸ்போல ஆகிவிடும். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சிலுள்ள ஈரம் தகரத்தில் பட்டுத் துளி துளியாகப் படுக்கையில் சொட்டும். அதனால் தகரத்துக்குக் கீழே இன்னொரு தட்டு வேண்டும். பலகையோ பிளாஸ்டிக் விரிப்போ கட்டி, இடையில் வைக்கோல் அல்லது பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலைகளை நிரப்பலாம். சூட்டைப் பிடித்து வைப்பது வைக்கோல் அல்ல, வைக்கோலுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வை சூடாக இருப்பதும் இதனால்தான்.

கூரை தாழ்வாக இருந்தால் சூடு ஆட்களுக்கு அருகில் நிற்கும். சுவரில் ஓட்டை இருந்தால் எவ்வளவு விறகு எரித்தாலும் பயனில்லை. நிலத்தில் வைக்கோல் பரப்பிப் பாய் விரிக்க வேண்டும். இந்த வேலைகள் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தன. மண் குழைப்பதும் பூசுவதும் மெழுகுவதும் அங்கேயும் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலைதான்.

அடுப்பு விடயத்தில் ஒரு எச்சரிக்கை. இது எங்களுக்கும் பொருந்தும். சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும் என்று அறையை முற்றாக அடைத்துவிட்டு உள்ளே கரி எரித்தால், காபனோரொட்சைட்டு என்ற வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். ஆகவே அடுப்புக்குப் புகைக் குழாய் வேண்டும். குழாய் கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் மரம் அருகே இருக்கக்கூடாது. காற்று வந்து போக ஒரு சிறு வழியும் விட வேண்டும்.

பணமும் தவணையும்

பனிக்காலம் முடிந்ததும் நிரந்தர வீட்டு வேலை தொடங்கியது. இதற்கென அமைத்த அதிகாரசபை, வீடு முற்றாக அழிந்த குடும்பத்துக்கு 175,000 பாகிஸ்தான் ரூபா கொடுத்தது. சேதமடைந்த வீட்டுக்கு 75,000. முற்றாக அழிந்தவர்களுக்கு முதலில் தற்காலிக இருப்பிடத்துக்காக 25,000, பிறகு வேலை தொடங்க 75,000, அத்திவாரம் முடிந்ததைப் பார்த்த பின் 25,000, லின்டல் மட்டம் வந்ததும் 50,000. ஒவ்வொரு கட்டத்திலும் பரிசோதகர்கள் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. எங்கள் ஊர் வீட்டுத்திட்டங்களும் ஏறக்குறைய இதே வழியில் நடந்தவைதான். வீட்டுக்காரரே கட்டுவது, அரசாங்கம் மேற்பார்வை செய்வது.

இதில் பெண்களுக்கு இருந்த தடைகளும் எங்களுக்குப் பழகியவையே. பணம் வர அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். கணவன் பெயரிலேயே எல்லாம் இருந்த பெண்ணுக்கு, கணவனும் இறந்து பத்திரங்களும் இடிபாட்டுக்குள் போனபின் எதைக் காட்டுவது? ஆண் துணை இல்லாமல் சந்தைக்குப் போகும் வழக்கம் இல்லாத கிராமங்களில், மேசனோடு கூலி பேசுவது யார்? பணம் புகுந்தவீட்டு ஆட்களின் கைக்குப் போய்விடுமோ என்ற பயம். கிராமக் குழுக்களும் பெண் உத்தியோகத்தரும் இருந்த இடங்களில் அப்பெண்களின் வேலை ஓரளவு நடந்தது. அவர்கள் இல்லாத இடங்களில் உறவினரின் தயவில் நிற்க வேண்டியிருந்தது.

அந்த மலைகளுக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாஸ்மின் லாரி, பாகிஸ்தானின் முதலாவது பெண் கட்டிடக் கலைஞர். 1941இல் பிறந்தவர். பெரிய நிறுவனங்களுக்குக் கண்ணாடியும் கொங்கிரீட்டுமாகக் கட்டிடங்கள் வரைந்து பேர் எடுத்து, 2000ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தார். பூகம்பத்தின் பின் தமது அறுபதுகளில் மலையேறி, மக்களோடு சேர்ந்து இடிபாட்டுக் கல்லிலும் மரத்திலும் சுண்ணாம்பிலும் மண்ணிலும் வீடு கட்டத் தொடங்கினார். அதன்பின் அவர் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. வெள்ளம் வந்த ஊர்களில் பெண்களுக்கு மண் வீடும் புகையில்லா அடுப்பும் கட்டப் பழக்கினார். 2023இல் பிரித்தானியாவின் அரச கட்டிடக் கலைஞர் நிறுவனம் தனது தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அவர் மதிக்கப்பட்டது கோபுரங்களுக்காக மட்டுமல்ல, இந்தச் சின்ன வீடுகளுக்காகவும்தான்.

நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை

சகோதரிகளே, எங்களுக்குப் பனி இல்லை. ஆனால் பனி அந்த மக்களை ஒரு விடயத்தில் கட்டாயப்படுத்தியது. பெரிதாகத் தொடங்கி அரைவாசியில் நிறுத்த அவர்களால் முடியாது. கூரையில்லாத நான்கு அறை அங்கே சாவு. கூரையும் கதவும் உள்ள ஒரு அறை உயிர். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால்தான், "ஒருக்காத்தான் கட்டுறது, பெரிசாக் கட்டுவம்" என்று அத்திவாரத்தை அகலமாக வெட்டிவிடுகிறோம். சொந்தக்காரர் சொல்வார்கள், மேசன் சொல்வார், நாளைக்கு மகளுக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமும் வரும். அத்திவாரத்துக்குள்ளேயே பாதிப் பணம் போய்விடும். பிறகு வட்டிக்காரரின் வாசல்.

ஆகவே முதலாவது, முழுதாக முடிக்கக்கூடிய அளவில் ஓர் அறையைத் தொடங்குங்கள். கூரை, கதவு, பூட்டு, பூச்சு, நிலம் எல்லாம் முடிந்த ஓர் அறை. அடுத்த அறையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை முதலே கீறி வைத்து, அந்தப் பக்கச் சுவரில் இடம் விடுங்கள். இரண்டு வருடம் கழித்துச் சேர்க்கலாம். வீட்டுத்திட்டத்தில் அளவு குறித்திருந்தால் அந்த அளவோடு நில்லுங்கள், அதற்குமேல் ஓர் அடியும் கூட்ட வேண்டாம்.

இரண்டாவது, கையில் உள்ளதை முதலில் எண்ணுங்கள். பழைய வீட்டின் கல், ஓடு, நிலை, மரம், காணியில் நிற்கும் பனை. பிறகு வாங்க வேண்டியதை எழுதுங்கள். கூலியையும் ஏற்றுகூலியையும் அதில் சேருங்கள். திட்டத்தில் என்ன பொருளுக்கு அனுமதி என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது, மேசனின் வேலையைப் பார்க்கப் பழகுங்கள். மூலை சரியா என்று பார்க்க ஒரு கயிறு போதும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மற்றச் சுவரில் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி. இல்லாவிட்டால் கல் வைக்குமுன் சொல்லுங்கள். சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம், வீடு உங்களுடையது.

நான்காவது, மூட்டுகளைப் பாருங்கள். மலையில் பனி கூரையை அழுத்தும். எங்கள் கரையில் காற்று கூரையைத் தூக்கும். 1978 நவம்பர்ச் சூறாவளியை அனுபவித்த மட்டக்களப்பு அம்மாமாரைக் கேட்டால் தெரியும். கைமரம் சுவரோடு கம்பியால் அல்லது இரும்புப் பட்டியால் கட்டப்பட்டிருக்கிறதா என்று, ஓடு போடுமுன் ஏறிப் பாருங்கள், அல்லது மகனை ஏற்றிப் பாருங்கள். சீமெந்தில் மிச்சம் பிடித்தால் சுவர் உதிரும். கூரைக் கட்டில் மிச்சம் பிடித்தால் கூரையே போகும்.

ஐந்தாவது, பெயர். இது எல்லாவற்றையும்விட முக்கியம். கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் மத்தியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். வீடு அவள் பெயரில் இருந்தது. சுனாமிக்குப் பின் "குடும்பத் தலைவர்" என்ற சொல்லை வைத்துப் பல இடங்களில் புதிய வீடுகள் ஆணின் பெயரில் எழுதப்பட்டன. கடல் கொண்டுபோனது சுவரை. பெண்ணின் உரிமையைக் கொண்டுபோனது ஒரு படிவம். ஆகவே படிவத்தில் யார் பெயர் எழுதப்படுகிறது என்று கேளுங்கள். கணவர் காணாமல் போயிருந்தால், காணி மாமனார் பெயரில் இருந்தால், அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாமல் இருந்தால், கல் அரியுமுன் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் சங்கத்தில் இருவராகப் போங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள். பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், அளவுப்படம் எல்லாம் ஒரே பையில், தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் இருக்கட்டும். அது ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த மலையில் 2005 டிசம்பரில் ஓர் அறையில் ஏழு எட்டுப் பேர் படுத்தார்கள். சில இடங்களில் மறுபக்கம் ஆடும் மாடும். அழகான வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த அறைக்குக் கதவு இருந்தது, கூரை ஒழுகவில்லை, கடன் இருக்கவில்லை. பனி உருகிய பிறகு அந்த அறையிலிருந்துதான் மிச்ச வீட்டைக் கட்டப் போனார்கள். எங்களில் கட்டி முடியாத வீட்டோடு இருப்பவர்கள், முதலில் ஒரு அறையைத் தெரிந்து, அதைக் கதவோடும் பூட்டோடும் முடியுங்கள். மற்றச் சுவர்கள் காத்திருக்கட்டும். அது குறைவல்ல.

உங்கள் கிராமத்தில் இப்படி ஓர் அறையாகத் தொடங்கிக் கடனில்லாமல் வீட்டை முடித்த பெண்கள் இருந்தால் எழுதுங்கள். செலவுக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். மற்றவர்களுக்கு அது உதவும்.

அன்புடன், அடுத்த மாதம் சந்திப்போம்.